நான்காவது இருக்கை: பில் பெரியின் விலகலும் ‘அப்’ அல்பமும்

கலை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தனிக் கலைஞரையே அலகாகக் கொள்கின்றனர். புலவன், ஓவியன், சிற்பி என ஒரு பெயரைச் சுட்டி, அவனது வாழ்வையும் ஆக்கங்களையும் இணைத்து எழுதுவது எளிது. பலர் கூடி, எவர் எதைச் செய்தார் என்பதை வேண்டுமென்றே வெளியிடாது, ஒரே பெயரின்கீழ் ஆக்கிய கலைக்கு இம்முறை பொருந்துவதில்லை. அத்தகைய கூட்டிலிருந்து ஒருவர் விலகும்போதே, அவர் அதுகாறும் எதனைத் தாங்கிநின்றார் என்ற வினா எழுகின்றது. எஞ்சியோர் பழைய பெயரைத் தொடர்ந்து சூடிக்கொள்ள உரிமையுடையவரா என்ற வினாவும் உடன் எழுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த றொக் இசையில் இவ்வினாக்கள் பலமுறை எழுந்துள்ளன. 1998 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஆர்.ஈ.எம். குழு வெளியிட்ட ‘அப்’ என்னும் அல்பம் இவ்வகையில் தனித்து நோக்கத்தக்கது. பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக நால்வராக இயங்கிய அக்குழு, மூவராக நின்று ஆக்கிய முதல் அல்பம் அது. அதுபற்றிப் பரவலாக வழங்கும் கதை மிகச் சுருக்கமானது: முரசு வாசித்தவர் போய்விட்டார், அவரிடத்தில் இயந்திரங்கள் வைக்கப்பட்டன, அதன்பின் குழு தேய்ந்தது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இக்கதையை ஆண்டு வரிசையோடு ஒப்பிட்டால் அதன் மூன்று கூற்றுகளில் இரண்டு ஆட்டங் காண்கின்றன.

ஆர்.ஈ.எம். ஒரு பல்கலைக்கழக நகரின் விளைவு. ஜோர்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் அம்மாநிலப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. ஓவியக்கலை பயில வந்த மைக்கல் ஸ்ரைப், இசைத்தட்டுக் கடையொன்றிற் பணியாற்றிய பீற்றர் பக், மேக்கன் நகரிலிருந்து பள்ளித் தோழராக உடன்வந்த மைக் மில்ஸ், பில் பெரி ஆகிய நால்வரும் அங்கு ஒன்றுசேர்ந்தனர். 1980 ஏப்பிரல் 5 ஆந் திகதி, வழிபாடு கைவிடப்பட்ட ஒரு தேவாலயக் கட்டடத்தில், நண்பர் ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் முதன்முதலாக இசைத்தனர். ஸ்ரைப் பாடினார், பக் கிற்றாரையும் மில்ஸ் பாஸ் கிற்றாரையும் இசைத்தனர், பெரி முரசு வாசித்தார். 1981 இல் ஒரு சிறு நிறுவனத்தின் மூலம் முதல் இசைத்தட்டும், 1983 இல் ‘மேர்மர்’ என்னும் முதல் அல்பமும் வெளிவந்தன. பெரிய வர்த்தக வானொலிகள் இத்தகைய இசைக்கு இடமளிக்காத அக்காலத்தில், மாணவர் நடத்திய பல்கலைக்கழக வானொலி நிலையங்களே இதனை நாடெங்கும் கொண்டுசென்றன. ‘கல்லூரி றொக்’ என அன்று வழங்கப்பட்டதே பின்னர் ‘மாற்று றொக்’ என்னும் பெரும் பெயர் பெற்றது. மாற்று என்ற அடைமொழி இசையின் அமைப்பைவிட, அது பரவிய வழியையே முதலிற் குறித்தது எனலாம்.

இக்குழுவின் அகவமைப்பு அதன் இசையளவு கவனத்துக்குரியது. பாடல்கள் அனைத்தும் பெரி, பக், மில்ஸ், ஸ்ரைப் என அகரவரிசையில் நால்வர் பெயரிலும் பதியப்பட்டன. வருமானமும் சமமாகப் பகிரப்பட்டது. ஒரு பாடலின் இசைக்கருவை எவர் கொணர்ந்தார், எவர் திருத்தினார் என்பதை வெளியுலகம் அறியவேண்டிய தேவை இல்லை என்பதே அவர்களின் நிலைப்பாடு. முடிவுகள் நால்வரின் இசைவோடே எடுக்கப்பட்டன; ஒருவர் மறுப்பின் அது நடவாது. ஒருவர் விலகினாற் குழுவையே கலைத்துவிடுவது என்ற உடன்பாடும் அவர்களிடையே நெடுங்காலம் நிலவியது. எழுதப்படாத ஓர் அரசியலமைப்பு என இதனைக் கூறலாம்.

கச்சேரி மரபை அறிந்த வாசகர் இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். நம் மேடையில் மிருதங்கம் வாசிப்பவர் கச்சேரிக்குக் கச்சேரி மாறுவது இயல்பு. அதனாற் பாடகரின் பெயர் மாறுவதில்லை. றொக் குழுவில் முரசு வாசிப்பவர் பக்கவாத்தியக்காரர் அல்லர், பெயரின் பங்காளர். எனவேதான் அவரது மறைவோ விலகலோ குழுவின் இருப்பையே வினாவுக்குட்படுத்துகின்றது. 1978 இல் கீத் மூன் இறந்தபோது த ஹூ குழுவினர் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தனர். 1980 செப்ரெம்பரில் ஜோன் பொன்ஹம் இறந்தபின் லெட் செப்பெலின் குழுவினர், தாம் இனித் தொடர்வதற்கில்லையென அவ்வாண்டு டிசெம்பரில் அறிவித்தனர். மூன்றாவதொரு வழியையும் அதே ஆண்டு காட்டியது. இங்கிலாந்தின் ஜோய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கேர்ட்டிஸ் 1980 மே மாதம் இறக்க, எஞ்சியோர் பழைய பெயரைக் கைவிட்டு, நியூ ஓடர் என்ற புதுப் பெயரில் 1981 இல் ‘மூவ்மென்ற்’ அல்பத்தை வெளியிட்டனர். ஆளை மாற்றல், கலைதல், பெயரை மாற்றல் ஆகிய மூன்று வழிகளும் மரணத்தின் பின் தேடப்பட்டவை. ஆர்.ஈ.எம். எதிர்கொண்ட நிலை வேறு. விலகியவர் உயிரோடிருந்தார், பகையோடும் போகவில்லை.

பெரி என்ற மனிதரை முரசோடு மட்டும் பிணைத்துப் பார்த்தால் அவரது விலகலின் பொருள் விளங்காது. குழு தோன்றுமுன்னரே மேக்கன் நகரில் இசைநிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்யும் நிறுவனமொன்றிற் பணியாற்றி, தொழிலின் உட்புறத்தை அறிந்தவர் அவர். அங்குப் பழகிய இயன் கோப்லண்டின் சகோதரரே, பின்னர் இக்குழுவின் முதல் அல்பங்களை வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். நிறுவனத்தை நிறுவியவர். பியானோவும் கிற்றாரும் இசைக்கக்கூடிய பெரி, பின்னணிக் குரலும் தந்தார். ‘மேர்மர்’ அல்பத்தின் ‘பேர்ஃபெக்ற் சேர்க்கிள்’ பாடலின் இசை பெரும்பாலும் அவருடையதென அறியப்படுகின்றது. 1992 இல் வெளிவந்த ‘ஓட்டோமற்றிக் ஃபோர் த பீப்பிள்’ அல்பத்தின் ‘எவ்ரிபடி ஹேர்ட்ஸ்’ பாடலின் மூலக்கருவும் அவரிடமிருந்தே வந்தது. உலகெங்கும் ஒலித்த அப்பாடலின் அடிப்படைத் தாளத்தைத் தருவது மலிவான ஒரு தாள இயந்திரம் என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது. முரசுக்காரர் இசையமைத்தார்; முரசை இயந்திரத்திடம் ஒப்படைத்தார். இயந்திரம் அவரது இடத்தைப் பறித்தது என்னும் கதைக்கு, அவர் இருந்த காலத்திலேயே கிடைக்கும் மறுப்பு இது.

1988 இல் வோர்ணர் நிறுவனத்துக்கு மாறியபின் குழுவின் புகழ் உச்சத்தை அடைந்தது. 1991 இன் ‘அவுட் ஒஃப் ரைம்’, 1992 இன் ‘ஓட்டோமற்றிக் ஃபோர் த பீப்பிள்’ ஆகிய அல்பங்கள் பன்னாடுகளிலும் பல மில்லியன் கணக்கில் விற்பனையாகின. அக்காலத்தில் அவர்கள் சுற்றுப்பயணத்தையும் தவிர்த்தனர். பின்னர் ‘மொன்ஸ்ரர்’ அல்பத்தையொட்டி 1995 இல் உலகப் பயணம் தொடங்கியது. மார்ச் 1 ஆந் திகதி, சுவிற்சர்லாந்தின் லோசான் நகர மேடையிலேயே பெரி நிலைகுலைந்தார். மூளையில் இரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தது. அறுவைச்சிகிச்சையால் உயிர் தப்பிய அவர் இரண்டரை மாதங்களுள் மீண்டும் முரசின் முன் அமர்ந்து பயணத்தைத் தொடர்ந்தார். அப்பயணத்தின்போது மேடைகளிலும் ஒத்திகைகளிலும் பதிவான ஒலிகளிலிருந்தே 1996 இன் ‘நியூ அட்வென்சர்ஸ் இன் ஹை-ஃபை’ அல்பம் பெரும்பாலும் உருவானது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் வோர்ணர் நிறுவனத்தோடு ஐந்து அல்பங்களுக்கான புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன் பெறுமதி 80 மில்லியன் டொலர் எனப் பத்திரிகைகள் எழுதின. அதுவரை எந்தக் குழுவும் பெறாத தொகையென்ற வியப்பே அன்று செய்தியாகியது. ஐந்து அல்பங்களுக்கு நால்வரும் கட்டுப்பட்டனர் என்ற மறுபக்கத்தை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1997 ஏப்பிரலில், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் இருந்த பக்கின் இல்லத்தில் நால்வரும் கூடி, அடுத்த அல்பத்துக்கான முன்பதிவுகளைச் செய்தனர். பழைய ஒலியமைப்பிலிருந்து விடுபடவேண்டும் என்பதில் அனைவரும் ஒன்றுபட்டிருந்தனர். மீண்டும் மீண்டும் சுழன்றொலிக்கும் தாளப் பதிவுத் துண்டுகளையும் புதுவகைத் தாள முயற்சிகளையும் பயன்படுத்தும் திட்டம் அங்கு உருவாகிவிட்டது. அப்பொழுது பெரி குழுவிலேயே இருந்தார். ‘அப்’ அல்பத்தின் ஒலிக்கு வித்திட்டது அவரது விலகல் என்னும் கூற்று இங்கு வலுவிழக்கின்றது. புதிய ஒலி வேண்டும் என்ற முடிவு முன்னது. முரசுக்காரர் இல்லாத நிலை பின்னது. முன்னதை விருப்பமாகத் தெரிந்தெடுத்தவர்கள் பின்னதனால் அதற்குள் அடைபட்டனர் என்று கொள்வதே பொருந்தும். விரும்பிச் சென்ற பாதையில், திரும்பும் வழி மூடப்பட்டமை போன்றது அது.

ஒலிப்பதிவுக்கென ஒக்டோபரில் ஏதென்ஸில் கூடியபோது பெரி தம் முடிவைத் தெரிவித்தார். பயணமும் புகழும் தொழிலும் தமக்குப் போதும் என்பதே அதன் சாரம். நோயே நேரடிக் காரணம் என அவர் கூறவில்லை. ஆயினும் லோசான் நிகழ்ச்சிக்குப்பின் வாழ்க்கையின் முன்னுரிமைகளை அவர் புதிதாக எண்ணிப் பார்த்தார் என்பதில் ஐயமில்லை. தம் விலகலாற் குழு கலையுமாயின் தாம் விலகப் போவதில்லை என்று அவர் நிபந்தனை விதித்தார். இந்நிபந்தனை பழைய உடன்பாட்டைத் தலைகீழாக்கியது. ஒருவர் போனால் அனைவரும் போவது என்ற உறுதி, நால்வரையும் காப்பதற்காகச் செய்யப்பட்டது. இப்பொழுது அதுவே ஒருவரைச் சிறையிடும் விலங்காக மாறக்கூடிய நிலை. மூவரும் தொடர ஒப்புக்கொண்டால் மட்டுமே நான்காமவர் விடுதலை பெறுவார். அவர்கள் ஒப்புக்கொண்டனர். புதிய ஒப்பந்தத்தின் பெருந்தொகையைக் கருதியே தொடர்ந்தனர் எனக் கூறுவோர் இந்நிபந்தனையைக் கணக்கிலெடுப்பதில்லை. பொருளாதாரக் காரணி இல்லை என்று எவரும் வாதிட முடியாது. ஆனால் அது மட்டுமே காரணியாயின், பெயர்பெற்ற ஒரு முரசுக்காரரை உடனே நான்காம் உறுப்பினராக்கி, எதுவும் நடவாததுபோற் காட்டியிருப்பர். ஒக்டோபர் இறுதியில் விலகல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. மூன்று காலுள்ள நாயும் நாயே, அது வேறுவிதமாக ஓடக் கற்கவேண்டும் அவ்வளவே என்ற கருத்தில் ஸ்ரைப் அக்காலத்திற் கூறியது பலராலும் எடுத்தாளப்பட்டது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட அவ்வுவமையில், கால் ஒன்று போனதை மறைக்கும் முயற்சி இல்லை.

கற்றல் எளிதாக அமையவில்லை. 1998 இன் தொடக்கத்திற் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த ஒலிப்பதிவு கசப்பு மிகுந்ததாயிற்று. பெரி மட்டும் இல்லாமற் போகவில்லை என்பதையும் இங்குக் கருதவேண்டும். 1987 முதல் ஆறு அல்பங்களைக் குழுவோடு இணைந்து தயாரித்த ஸ்கொட் லிற் இம்முறை இல்லை. அவரிடத்திற் பற் மக்கார்த்தி வந்தார். தொடக்ககால முகாமையாளரும் 1996 இல் விலகியிருந்தார். பல்லாண்டுகளாக ஒலியையும் தொழிலையும் ஒழுங்குபடுத்திய மூன்று துணைகள் இரண்டு ஆண்டுகளுள் அகன்றன. நால்வர் இசைவு என்ற பழைய முறை மூவருக்கு எவ்வாறு பொருந்தும் என்பதே தெளிவாயிருக்கவில்லை. பாடல் இது போதும், இங்கே நிறுத்துவோம் என்று சொல்லும் குரல் பெரியுடையதாக இருந்தது என்பர். அக்குரல் இல்லாமையாலேயே ‘அப்’ நீண்டுவிட்டது என விமரிசகர் சிலர் எழுதினர். இவ்வாதமும் முழுமையானதன்று, பெரி இருந்து வாசித்த ‘நியூ அட்வென்சர்ஸ்’ அல்பமும் அதேயளவு, அறுபது நிமிடங்களைத் தாண்டி நீள்வது. நீளத்தைவிட, முடிவெடுக்கும் முறை குலைந்தமையே பதிவுக்கூடத்தில் உணரப்பட்ட இழப்பு. கலைந்துவிடும் எல்லைவரை சென்ற மூவரையும், குழுவின் சட்ட ஆலோசகராகவும் பின்னர் முகாமையாளராகவும் இருந்த பேட்டிஸ் டவுன்ஸ் அழைத்து இருத்திப் பேசவைக்கவேண்டியதாயிற்று. தொடர்வது என்ற முடிவு இவ்வாறு இரண்டாம் முறையும் எடுக்கப்பட்டது.

அல்பத்தை அமைதியாகக் கேட்போருக்கு இவ்வரலாறு அதன் ஒலியிலேயே புலப்படும். முதற் பாடலான ‘எயார்போர்ட்மான்’ ஒரு துணிச்சல். பெருவிற்பனைக் குழுவொன்றின் அல்பம் வழக்கமாக எழுச்சியோடு தொடங்கும். இதுவோ மெல்லிய மின்னிசை முனகலாகவும், கேட்டுங் கேளாத குரலாகவும், முரசின் அடி எங்கே என்று செவி தேடும்படியும் தொடங்குகின்றது. வெற்றிடத்தை வாயிலிலேயே வைத்துவிட்டனர். அடுத்த ‘லோட்டஸ்’ முரசோடும் துள்ளலோடும் வருகின்றது. ஆனால் அதன் பின் கேட்பவர் பழைய உறுதியை நம்புவதில்லை. ‘ஹோப்’ பாடலில் இயந்திரத் தாளம் இரக்கமின்றி ஓட, அதன்மேல் நோயுற்ற ஒருவரின் அச்சமும் நம்பிக்கையும் பாடப்படுகின்றன. அதன் அமைப்பு லெனார்ட் கோஹனின் ‘சுசான்’ பாடலை நெருங்குவதை உணர்ந்த குழுவினர், கோஹனையும் ஆசிரியராகச் சேர்த்தனர். உரிமையைப் பகிர்வதிற் பழகிய கைகள் அவை. ‘அற் மை மோஸ்ற் பியூற்றிஃபுல்’ பாடல் பீச் போய்ஸ் குழுவின் குரலடுக்குகளுக்கு வெளிப்படையான வணக்கம். ‘டே ஸ்லீப்பர்’, இரவில் உழைத்துப் பகலில் உறங்கும் ஊழியரின் பாடல். கிற்றாரின் பழைய இழை ஓரளவு மீளக் கேட்பது இங்கேதான். குடியில் மூழ்கும் பேராசிரியர் ஒருவரைப் பாடும் ‘சாட் புறொஃபெசர்’ பல்கலைக்கழக வாசகர்க்குத் தனிச்சுவை தரலாம்.

கருவிகளின் பொறுப்பும் கலைந்து மாறியது. பக் பாஸ் கிற்றாரையும் மில்ஸ் விசைப்பலகைகளையும் கூடுதலாக ஏற்றனர். தேவைப்பட்ட இடங்களில் ஜோய் வொறொங்கர், பரற் மார்ற்றின் ஆகியோர் முரசும் தாளக்கருவிகளும் வாசித்தனர். ஆயினும் பாடல்களின் கீழ் பக், மில்ஸ், ஸ்ரைப் என மூன்று பெயர்களே இடம்பெற்றன. மேலுமொரு மாற்றம் மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குச் சிறிதாகத் தோன்றும். தம் பாடல்வரிகளை அச்சிடுவதில்லை என்பது தொடக்கமுதல் இக்குழுவின் வழக்கம். ‘மேர்மர்’ காலத்து ஸ்ரைப்பின் தெளிவற்ற உச்சரிப்பைச் சுற்றி ஊகங்களின் இலக்கியமே வளர்ந்திருந்தது. ‘அப்’ அல்பத்திலேயே முதன்முறையாக எல்லாப் பாடல்வரிகளும் அச்சாகின. ஒலி மங்கலானபோது சொல் வெளிப்பட்டது எனலாம். ஒரு விதி உடைந்தபின் ஏனைய விதிகளையும் அவர்கள் ஆராய்ந்து பார்த்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. இதன் பலவீனமும் மறைப்பதற்கில்லை. பதினான்கு பாடல்களுள் நடுப்பகுதியில் வரும் சில ஒன்றையொன்று ஒத்து, ஒரே மந்தகதியில் அசைகின்றன. முரசின் உந்தல் இருந்திருப்பின் இவை வேறு உருப்பெற்றிருக்கும் என்று கேட்பவர் எண்ணுவதைத் தவிர்க்க முடியாது.

விற்பனைக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவின் பட்டியலில் மூன்றாம் இடத்தையும் பிரித்தானியாவில் இரண்டாம் இடத்தையும் அல்பம் எட்டியது. எனினும் 1990களின் தொடக்க அல்பங்களின் விற்பனையோடு ஒப்பிடவே முடியாதபடி தாழ்ந்தது. தேய்வுக்கு விலகலே காரணம் என்னும் வாதம் இதனையே ஆதாரமாகக் கொள்கின்றது. அமெரிக்காவிற் சரிவு 1996 இன் ‘நியூ அட்வென்சர்ஸ்’ அல்பத்தோடேயே தொடங்கிவிட்டது என்பதை அவ்வாதம் கவனிப்பதில்லை. மாற்று றொக் என்ற பெயரால் வந்த பேரலை 1990களின் நடுப்பகுதிக்குப்பின் வடிந்தது. அவ்வலையோடு உயர்ந்த பலரும் அதனோடு இறங்கினர்.

பின்வந்த ஆண்டுகளில் முக்கியமானது, நான்காவது இருக்கையை அவர்கள் எப்போதும் நிரப்பாமையே. 1999 பயணத்தில் வொறொங்கர் வாசித்தார். 2003 முதல் இறுதிவரை பில் றீஃப்ளின் வாசித்தார். மேடையில் நீண்டகாலம் உடனிருந்த றீஃப்ளின்கூட உறுப்பினராக்கப்படவில்லை. பாடல்களின் கீழ் மூன்று பெயர்கள் மூன்றாகவே தொடர்ந்தன. 2004 இன் ‘அறவுண்ட் த சன்’ குழுவினராலேயே பின்னர் குறைகூறப்பட்டது. 2008 இன் ‘அக்செலரேற்’ வேகத்தை ஓரளவு மீட்டது. 2011 செப்ரெம்பர் 21 ஆந் திகதி மூவரும் கலைந்தனர். அவ்வேளை சண்டையோ வழக்கோ எதுவுமில்லை.

பெரி ஏதென்ஸுக்கு அருகே பண்ணை வைத்து, கால்நடைக்கான உலர்புல் விளைவித்து வாழ்ந்தார். இடையிடையே பழைய தோழர்களோடு மேடையேறினார். 2007 இல் குழு றொக் அண்ட் றோல் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பட்டபோதும் உடனிருந்தார். கால் நூற்றாண்டுக்குப்பின், 2023 இல், உள்ளூர் நண்பர்களின் ‘த பாட் எண்ட்ஸ்’ குழுவின் அல்பமொன்றில் முரசு வாசித்தார். ‘அப்’ அல்பம் அதே ஆண்டு விரிவான மறுபதிப்பாக வெளிவந்து, முதல் வெளியீட்டின்போது கிடைக்காத பொறுமையான செவிகளைப் பெற்றது. 2024 ஜூன் மாதம் நியூயோர்க்கிற் பாடலாசிரியர்களின் புகழ்மண்டபம் இக்குழுவைச் சேர்த்துக்கொண்டது. பாடலாசிரியர் என்ற தகுதிக்கான அவ்விருதை, அகரவரிசையில் முதலில் நிற்கும் பெரியும் ஏனைய மூவரோடு பெற்றார். அன்று நால்வரும் சேர்ந்து ஒரேயொரு பாடலை இசைத்தனர். அது ‘லூசிங் மை றிலிஜன்’.